நாடுகளின் நுரையீரலை ஒப்பிடுவது எப்படி?

ஒரு நாட்டின் மருத்துவமனைப் பதிவேடுகளில் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் குறைவாக இருந்தால், அங்கே நோய் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பதிவேட்டில் இந்நோய்க்கான ஜே44 என்ற உலகளாவிய குறியீடு விழ வேண்டுமானால் நோயாளி மருத்துவரிடம் போக வேண்டும், மருத்துவருக்குச் சந்தேகம் வர வேண்டும், ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவி இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் அந்த நோயாளி கணக்கில் வரமாட்டார்.

மக்களிடமே கேட்கலாம் என்றால் சொல் இடறுகிறது. மூச்சுக்குழாய் சுருங்கி விசில்போல ஒலிப்பதையும், படியேறி மூச்சு வாங்குவதையும் 'இளைப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்போர் நம்மிடம் உண்டு. 56 நாடுகளில் குழந்தைகளின் ஆஸ்துமாவை ஆராய்ந்த ஐசாக் ஆய்வு, இதனால்தான் பல மையங்களில் 13, 14 வயதினருக்குக் காணொளியும் காட்டிக் கேட்டது.

சிஓபிடியைப் பல நாடுகளில் அளந்த போல்ட் ஆய்வு பதிவேட்டை நம்பவில்லை. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஊர் மக்களிலிருந்தே தேர்ந்தெடுத்து, எல்லா ஊரிலும் ஒரே முறையில் ஊதவைத்தது. 2007இல் வெளியான முடிவுகளில் 12 ஊர்கள், 9,425 பேர். நடுத்தர அளவு அல்லது அதற்கும் கடுமையான அடைப்பு மொத்தத்தில் 10.1 சதவீதம், கேப் டவுன் ஆண்களிடம் மட்டும் 22.2 சதவீதம். அடைப்பு உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் நோயைச் சொல்லியிருக்கவில்லை என்பது பல நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

சோதனையில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை 200 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து ஊதச் சொல்கிறார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்து, 0.70க்குக் கீழே வந்தால் அடைப்பு. பிழை பெரும்பாலும் ஊதலை முடிப்பதில்தான் வரும். ஒருவர் முதல் நொடியில் 2.3 லிட்டர், மொத்தம் 3.5 லிட்டர் ஊதக்கூடியவர் என்றால் விகிதம் 0.66. அவர் பாதியிலேயே நிறுத்தி 3 லிட்டர்தான் ஊதினார் என்றால் 0.77; நோய் மறைந்துவிடும்! "ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று விடாமல் ஊக்குவிக்காத டெக்னீஷியன் ஓர் ஊரையே ஆரோக்கியமாகக் காட்டிவிடலாம். ஆகவே குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும், சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. கருவியை 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும். போல்ட் எல்லா ஊதல் வரைபடங்களையும் ஒரே மையத்தில் மறுபடி பார்த்தது.

0.70 என்ற கோட்டிலும் சிக்கல் உண்டு. வயது கூடக் கூட நலமானவர்களுக்கும் இந்த விகிதம் இறங்கும். வயதுவாரியாகச் சரிக்கட்டினால் முதியோர் நிறைந்த நாட்டுக்கும் இளைஞர் நிறைந்த நாட்டுக்குமான வேறுபாடு தீரும். ஆனால் தவறாக நோயாளி ஆக்கப்பட்டவர்கள் பட்டியலிலேயே இருப்பார்கள். எனவே, அதே வயது, உயரம், பாலினமுள்ள நலமானவர்களில் இந்த விகிதம் மிகக் குறைந்த 5 சதவீதத்தை எல்லையாக வைப்பது மேல்.

அந்த 'நலமானவர்கள்' யார்? நலமானவர்களின் நுரையீரல் அளவைக் கணிக்கும் 2012இன் உலகளாவிய சமன்பாடுகள் இனவாரியாக வெவ்வேறு இயல்பளவுகளைத் தந்தன. 2022இல் இனம் பார்க்காத சமன்பாடு வந்தது. நாடுகளை ஒப்பிட இதுவே பொருத்தம். ஊட்டக்குறைவாலும் புகையாலும் ஒரு மக்களின் நுரையீரல் சிறுத்திருந்தால், அவர்களுக்கென்ற தனி அளவுகோல் அந்தச் சிறுமையையே இயல்பு என்று சொல்லிவிடும். வறுமை மிகுந்த இடங்களில் மொத்தக் காற்றளவு குறைவாக இருப்பதைப் போல்ட் தரவு காட்டியது. சிஓபிடியால் எனப் பதிவாகும் மரணங்களும் அங்கே அதிகம். ஆகவே தரவைச் சேமிப்பவர்கள் 'அடைப்பு உண்டு, இல்லை' என்பதோடு நிறுத்தாமல், லிட்டர் அளவுகளையும் வயது, உயரம், பாலினத்தையும் அப்படியே வைக்க வேண்டும். நாளை அளவுகோல் மாறினாலும் மறுபடி கணக்கிடலாம்.