சிலந்திக்கு எத்தனை கால்?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்க மழலையர் வகுப்புகளில் எங்கே திரும்பினாலும் பேயும் பூசணியும்தான். 31ஆம் தேதி ஹாலோவீன், குழந்தைகள் வேடமிட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும் பண்டிகை. அதுவரை எண்ணிக்கைப் பாடமும் பேய் வேடம் போட்டுக்கொள்ளும்: வௌவால்களை எண்ணு, எலும்புக்கூடுகளை எண்ணு, மிட்டாயை எண்ணு.

மூன்று வயதுக் குழந்தை முன்னால் ஐந்து பிளாஸ்டிக் சிலந்திகளை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று தப்பில்லாமல் எண்ணிவிடும். "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப்பாருங்கள். திருதிருவென்று விழிக்கும்; இல்லையென்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். 'ஐந்து' என்பது கடைசிச் சிலந்தியின் பெயரல்ல, மொத்தக் கூட்டத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்ணுவது என்ற ஒரே வேலைக்குள் ஐந்து விதிகள் இருப்பதாக 1978இல் உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் எழுதினார்கள். பொருளுக்கு ஒரு எண்தான். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசி எண்ணே மொத்தம். அப்புறம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் இரண்டும் வாய்க்கும் விரலுக்கும் பழகிவிடும். மூன்றாவதுதான் இழுத்தடிக்கும்.

அது எவ்வளவு இழுத்தடிக்கும் என்பதை 1990களின் தொடக்கத்தில் உளவியலாளர் கரேன் வின் செய்த ஆய்வுகள் காட்டின. முறை எளிமையானது: எண்ணச் சொல்லாமல், கொடுக்கச் சொல்வது. "சூனியக்காரிக்கு நாலு மிட்டாய் கொடு" என்று நாமும் கேட்கலாம். பத்து வரை ஒப்பிக்கிற குழந்தைகூடக் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். முதலில் 'ஒன்று' மட்டும் சரியாக வரும். சில மாதம் கழித்து 'இரண்டு', இன்னும் சில மாதத்தில் 'மூன்று'. பிறகு, பெரும்பாலும் நான்கு வயதையொட்டி, சூட்சுமம் புரிந்து எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணி எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிடும். அதனால், படத்திலுள்ள பூசணிகளை எண்ணி வட்டம் போடு என்கிற தாள்களைவிட ஒரு கிண்ணம் மிட்டாய் மேல் என்பேன். பாதி வாய்க்குள் போனாலும் பரவாயில்லை.

சிலந்தியின் கால்கள் வேறு வகைச் சிக்கல். எட்டே கால்தான், ஆனால் உடலைச் சுற்றி இருப்பதால் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து, விரல் பதினொன்று, பன்னிரண்டு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு காலில் சிவப்பு நூலைக் கட்டி, அங்கிருந்து எண்ணச் சொல்லுங்கள், எட்டில் நின்றுவிடும். அடுத்து நூலை அவிழ்த்து வேறு காலில் கட்டுங்கள். இப்போதும் எட்டுதான் வருமா என்று கேட்டுவிட்டு, எண்ணி முடிக்கும்வரை அந்த முகத்தைப் பாருங்கள்.