கிளாக்கோமா: கண்ணீரா, கண்நீரா?

பெரியம்மா அதே வாசற்படியில் மூன்று முறை தடுக்கி விழுந்தார். 'கண்ணு நல்லாத்தான் தெரியுது, கால்தான் தடுமாறுது' என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. பேப்பரில் வரும் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுப் படித்துவிடுவார். கண் மருத்துவர் 'கிளாக்கோமா', பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய், என்றதும் வீட்டுக்கு வந்து காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். காதில் 'குளுக்கோமா' என்று விழுந்திருக்கிறது. குளுக்கோஸ்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

சர்க்கரைக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவே இல்லை. குளுக்கோஸ், இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிளாக்கோமாவின் வேர் 'கிளௌக்கோஸ்' என்ற நிறப்பெயர். நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம் அது. கடலுக்கும் ஒலிவ இலைக்கும் கிரேக்கர் அதைச் சொன்னார்கள். திடீரென்று அழுத்தம் ஏறிய கண்ணில் கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் தெளிவான படலம், நீர்கோத்து மங்கும். பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளை, விரிந்து பச்சை சாயலில் தெரியும். இன்று நாம் அறிந்த நோய்க்குப் பொருந்தும் நிறம் அதுதான். ஆனால் அன்று இந்தச் சொல் புரை விழுந்த கண்ணுக்கும் சேர்த்தே வழங்கியது. புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்குவது என்று பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ 1705இல் காட்டிய பிறகுதான் இரண்டும் பிரியத் தொடங்கின. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அதன்வழி பார்வை நரம்பின் முனையில் குழி விழுந்திருப்பது தெரிந்தது. நோய் இருக்கும் இடம் அங்கேதான். பெயர் மட்டும் நிறத்திலேயே நின்றுவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கண் அழுத்த நோய்' என்கிறோம். 'கண்நீர் அழுத்த நோய்' என்றும் மருத்துவமனைகளில் எழுதுகிறார்கள். இந்தக் 'கண்நீர்' கவனிக்க வேண்டிய சொல். இலக்கணப்படி கண்ணும் நீரும் புணர்ந்தால் கண்ணீர்தான். வேண்டுமென்றே புணர்க்காமல் விட்டிருக்கிறார்கள், காரணத்தோடுதான். கண்ணீர் வெளியே சுரந்து கன்னத்தில் வழிவது. கண்நீர் விழிக்கு உள்ளே, பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரையான கதிராளிக்குப் பின்னால் ஊறுவது. பாப்பா வழியாக முன்னே வந்து, கருவிழியும் கதிராளியும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துபோகிறது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். யாராவது சேர்த்து எழுதி 'கண்ணீர் அழுத்த நோய்' ஆக்கிவிட்டால், கண்ணில் நீர் வடிகிறவரெல்லாம் பயப்படுவார். நீர் வடியாதவர் நிம்மதியாக இருந்துவிடுவார். அதனால் இந்த ஓர் இடத்தில் புணர்ச்சி விதியை மீறுவதே சரி.

இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தப் பெயர் அழுத்தத்தை மட்டுமே சொல்கிறது. கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பிரஷர் நார்மல்' என்று கேட்டுவிட்டு அவர்கள் எழுந்து போய்விடக் கூடாது. கெடுவது நரம்பு. ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் அந்தக் கற்றையில் சுமார் 10 லட்சம் இழைகள். அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன, செத்தது திரும்ப வராது. எலும்புத் தேய்வு என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதுபோல 'பார்வை நரம்புத் தேய்வு' என்று சேர்த்துச் சொன்னால் நோய் சட்டென்று புரியும். வேறு காரணங்களாலும் அந்த நரம்பு தேயலாம் என்பதால் தனிப்பெயராக இது போதாது. எழுத்தில் கண்நீர் அழுத்த நோய், விளக்கும்போது நரம்புத் தேய்வு. நான் அப்படித்தான் செய்கிறேன்.

தேய்வு பெரும்பாலும் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் பொடி எழுத்து தெரிந்தது, வாசற்படி தெரியவில்லை. ஓரத்தில் கறுப்பாக எதுவும் தெரியாது. விட்டுப்போன இடத்தை மூளை அக்கம்பக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடும், ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடிவிடும். சென்னையையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து நடந்த கிளாக்கோமா ஆய்வில், கிராமப்புறத்தில் இந்நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய யாருக்குமே அது அதுவரை தெரிந்திருக்கவில்லை.

ஓரப்பார்வையை அளக்கும் 'ஃபீல்டு டெஸ்ட்' பெரியம்மாவுக்கு நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகம் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பெரியம்மா பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன, கட்டைவிரல் அசையாமல் இருந்தது. முடித்ததும், 'கொஞ்ச நேரம் லைட்டே போடலையே' என்று கேட்டார். அச்சிட்டு வந்த தாளில் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு.

இப்போது இரவில் சொட்டு மருந்து போட்டு அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் நரம்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த வாரமே பெரியம்மாவின் தங்கையை, என் அம்மாவை, கூட்டிப்போனோம். அம்மாவுக்கும் குழி ஆரம்பித்திருந்தது. அவருக்கு ஓரப்பார்வை இன்னும் போகவில்லை.