முகத்துவாரம் திறந்திருந்ததா? வெள்ள வரைபடத்தைப் பகிர முன் கேட்க வேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் வட்ஸ்அப் குழுக்களின் நிறமே மாறிவிடும். மழை முன்னறிவிப்பின் சிவப்பும் ஊதாவும் ஒரு பக்கம், எந்தெந்த ஊர் மூழ்கும் என்று காட்டும் நீல வரைபடங்கள் மறுபக்கம். நீரியல் மாதிரிகளை இயக்குவது என் தொழில் என்பதால், "இதை நம்பலாமா?" என்ற கேள்வியோடு அவை எனக்கும் வந்து சேரும். படத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல என்னால் ஏலாது. அந்த மாதிரிக்குள் எந்தத் தரவைப் போட்டார்கள், எதை ஊகித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தால்தான் ஏதாவது சொல்லலாம்.

மாதிரி என்றால் கணக்குத்தான். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் எந்தப் பக்கம் ஓடும், எங்கே எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்று நேரத்துக்கு நேரம் கணக்கிடுவது. தண்ணீர் ஓடுவதற்கான சமன்பாடுகளைச் சென்-வெனோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1871 இலேயே எழுதி வைத்துவிட்டார். அமெரிக்க இராணுவப் பொறியியற் பிரிவு வெளியிடும் ஹெக்-ராஸ் மென்பொருளும் இலவசம். நல்ல மடிக்கணினி ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவரே அழகான வெள்ள வரைபடம் போட்டுவிடலாம். சந்தோசமான விஷயம்தான். ஆனால் அழகாக வந்த படமும் சரியாக வந்த படமும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

முதலில் நில உயரத்தைப் பார்ப்போம். இலவசமாகக் கிடைப்பதில் அதிகம் பயன்படுவது, 2000 பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.ரி.எம். தரவு. அந்த ரேடார் தரைக்குப் போகாமல் தென்னை மரத்தின் தலையிலும் வீட்டுக் கூரையிலும் பட்டுத் திரும்பியிருக்கும். காத்தான்குடி போல வீடுகள் நெருங்கிய ஊரை அது உள்ளதைவிட மேடாகக் காட்டும். மேடாகக் காட்டினால் கணினியில் வெள்ளம் அங்கே ஏறாது. போதாததற்கு அதில் உயரங்கள் முழு மீற்றர்களில்தான் இருக்கின்றன. 2,000 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரியும் வயல்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உயரம் ஒரு மீற்றர் பிழைத்தால், வரைபடத்தில் தண்ணீரின் ஓரம் இரண்டு கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். 2019 இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று இந்த உயரப் பிழையைத் திருத்திப் பார்த்தபோது, கரையோர வெள்ள ஆபத்தில் வாழ்வோரின் தொகை முந்திய மதிப்பீட்டைப் போல மூன்று மடங்கானது. மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் திருத்திய உயரத் தரவுகளும் இப்போது உண்டு. படம் போட்டவர் எதைப் பயன்படுத்தினார் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

இரண்டாவது, எங்கள் ஊருக்கே உரிய கேள்வி: மாதிரியை இயக்கியபோது மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

கோடையில் பாலமீன்மடுப் பக்கம் மணல் திட்டு ஏறி வாவியின் வாயை அடைத்துவிடும். மாரி வந்து வாவி மட்டம் உயரும்போது அதை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பது வருடாவருடம் வரும் வாக்குவாதம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயி வயல் அழுகிறது என்று அவசரப்படுவார். வாவியில் மீன்பிடித் தொழில் செய்பவர் கொஞ்சம் நேரம் பார்க்கச் சொல்வார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கணினிக்கு இந்த வாக்குவாதம் தெரியாது. "கீழ் எல்லையில் நீர்மட்டம் இவ்வளவு" என்று நாங்கள் கொடுப்பதை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். முகத்துவாரத்தைத் திறந்ததாக வைத்து ஓட்டினால் வாவி வடிந்துகொண்டே போகும், மூடியதாக வைத்தால் அதே மழைக்கு வாவியோரக் கிராமங்கள் தண்ணீருக்குள் நிற்கும். வெட்டிய வாய் ஒரே அகலத்தில் இருப்பதும் இல்லை, நீரோட்டம் மணலை அரித்து அரித்து அதைப் பெருப்பிக்கும். ஆகவே இந்த வாவிக்கு ஒரே ஒரு வெள்ள வரைபடம் என்று யாராவது தந்தால் நான் வாங்கமாட்டேன். குறைந்தது இரண்டு வரைபடங்களாவது வேண்டும், அவற்றின் கீழே முகத்துவாரத்தின் நிலை எழுதியிருக்க வேண்டும். குளங்களின் வான்கதவுகளுக்கும் இதே கதைதான். உன்னிச்சைக் குளத்தில் எத்தனை கதவு, எத்தனை மணிக்கு, எத்தனை அடி திறந்தது என்ற பதிவு இல்லாமல் கீழே உள்ள கிராமத்துக்கு நேரம் கணிப்பது வெறும் ஊகம்.

கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலுள்ள கிட்டங்கித் தாம்போதியை, அதாவது வெள்ளம் மேவிப் பாயும் தாழ்ந்த வீதிப்பாலத்தை, மாரியில் பார்த்தவர்களுக்கு இன்னொன்று விளங்கும். ஆற்றுவாழை என்ற நீர்ச்செடி வந்து பாலத்தின் கண்களில் பாய் விரித்ததுபோல் அடைந்துகொள்ளும். மேற்பக்கம் தண்ணீர் ஏறும், கீழ்ப்பக்கம் தாழ்ந்திருக்கும். மாதிரியில் இதைச் சொல்ல மானிங் எண் என்ற உராய்வு எண் இருக்கிறது. துப்புரவான ஆற்றுக்கு 0.03 அளவில் போடுவோம், செடி மண்டிய இடத்துக்கு 0.1 வரையும் போகலாம். எண் மூன்று மடங்கானால் அதே ஆழத்தில் ஓடும் நீர் மூன்றில் ஒன்றாகக் குறையும். பாடப்புத்தக அட்டவணையில் ஒரு எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் எட்டியும் பாராதவரின் கணினியில் கிட்டங்கி எப்போதும் சுத்தமாகவே இருக்கும்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை அம்பாறை மறக்கவில்லை. பகிரப்படும் வரைபடங்கள் பெரும்பாலும் ஆழத்தை மட்டும் நிறமாகக் காட்டுகின்றன. ஒரு தாம்போதியில் ஆளைக் கொல்வது ஆழமும் வேகமும் சேர்ந்துதான். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கலாம், இரண்டடி பெரிய வாகனத்தையே நகர்த்தும். இருபரிமாண மாதிரி வேகத்தையும் கணக்கிட்டு உள்ளே வைத்திருக்கிறது. அதை வெளியே எடுத்து, ஆழத்தோடு பெருக்கி, எந்த வீதியை எப்போது மூட வேண்டும் என்ற படமாகப் போடுவது கூடுதல் அரை நாள் வேலை. எங்கள் துறையில் உள்ளவர்கள் அதைச் செய்யாமல் விடுவது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

மழை முன்னறிவிப்புப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஜி.எப்.எஸ். மாதிரி நாளுக்கு நான்கு தடவை ஓடுகிறது, ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்தாம் நாளின் படம் மாறும். நேற்றுக் காலை எடுத்த திரைப்பிடிப்பை இன்றிரவு பகிர்வதில் பயமுறுத்தலைத் தவிர ஒன்றும் இல்லை. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் தொடக்க நிலைகளைச் சற்றுச் சற்று மாற்றிப் பல ஓட்டங்களை ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறது. அவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கவனியுங்கள், சிதறிக் கிடந்தால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அடுத்த அறிவித்தலைப் பாருங்கள்.

சரி, மாதிரி சொன்னது நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது? செய்மதியால் பார்க்கலாமே என்பார்கள். சென்ரினல்-1 ரேடார் முகிலை ஊடுருவிப் பார்க்கும், உண்மை. ஆனால் அது நாள்கணக்கில் ஒரு முறைதான் எங்கள் தலைக்கு மேல் வரும், வெள்ளத்தின் உச்சம் அதற்காகக் காத்திராது. பெரும்போகத்தில் விவசாயி வேண்டுமென்று கட்டி வைத்த வயல் தண்ணீரையும் வெள்ளத்தையும் அது பிரித்தறியாது. எனவே பழைய முறைதான்: சுவரில் உள்ள சேற்றுக் கோடு. படுவான்கரையில் மட்டப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றால், "இஞ்ச பாருங்க மனே, இந்தப் பிணையல் மட்டும் வந்தது" என்று கதவைத் தொட்டுக் காட்ட யாராவது ஒரு அம்மா இருப்பார். 2011 ஜனவரி வெள்ளத்தின் அப்படியான அடையாளங்களை வைத்து மாதிரியைச் சரிசெய்து, அது முன்பின் காணாத வேறொரு வருட வெள்ளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு ஒரு மதிப்பு வரும். ஒரே வெள்ளத்தில் பழக்கி அதிலேயே சோதிப்பது வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது.

இந்த மாரியில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தால், முதலில் ஆட்களைப் பத்திரப்படுத்துங்கள். வடிந்த பிறகு, சுவரில் கோடு அழிய முன் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து, தரையிலிருந்து கீறல் வரைக்கும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். திகதியோடு, தண்ணீர் ஏறி நின்ற நேரத்தையும் எழுதி வையுங்கள். உயரத்தை நாங்கள் பிறகும் வந்து அளந்துகொள்ளலாம், நேரத்தை அளக்க முடியாது. வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டை விதானைமார் முகத்துவாரம் வெட்டிய நாளையும் குளம் வான் பாய்ந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், படத்தோடு அதையும் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடலாம்.