கொள்ளிடம் கடலுக்குக் கொண்டுபோவது என்ன?

காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் போதும், இத்தனை டிஎம்சி வீணாகக் கடலில் கலந்தது என்ற செய்தியும் கூடவே வந்துவிடும். கடைமடையில் சம்பா காய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆதங்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கடலைச் சேருவதற்கு முன் அந்தத் தண்ணீர் செய்கிற வேலை சாதாரணமானதல்ல. அதை அளந்து காட்டியதில் நம் பகுதிப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொள்ளிடத்துக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் சேருகிற பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கழிமுகத்தின் கரையிலேயே வகுப்பறை. கழிமுகத் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் கழிமுகமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீராகவே மாறினாலும் மாறும். போதாததற்கு, உப்புநீர் கனமானது என்பதால் அடியில் தங்கும், ஆற்றுநீர் அதன்மேல் ஓடும். ஒரே இடத்தில் மேலே அள்ளிய நீரும் அடியில் அள்ளிய நீரும் வேறுவேறாக இருப்பது அதனால்தான்.

அடிநீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கும் முறை மாணவர்கள் முதலில் பழகுகிற பாடங்களில் ஒன்று. காற்றுக்குமிழி ஒன்றுகூடப் புகாமல் கண்ணாடிப் புட்டியை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த நீர் என்றால் பழுப்பாக வண்டல் திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் அமிலம் விட்டால் வண்டல் கரைந்து மஞ்சள் நிறம் வரும். மாவுக்கரைசல் சேர்த்ததும் அது நீலமாகும். அந்த நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்த்தால் ஆக்சிஜன் கணக்கு கிடைத்துவிடும். நீலம் மறைகிற அந்த ஒரு சொட்டைத் தவறவிடாமல் பிடிக்கக் கை பழக வேண்டும்.

இப்படி ஒரு நாள் அளந்தால் அது அந்த நாளின் நிலை மட்டுமே. மாதாமாதம், வருடாவருடம் அளந்தால்தான் எது பருவத்தின் இயல்பு, எது கேடு என்று பிரித்துச் சொல்ல முடியும். அப்படி விடாமல் அளக்கப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். ஒரு தொகுதி மாணவர்கள் படித்து முடித்துப் போனால் அடுத்த தொகுதி வருகிறது. அதே புட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறுகிறது. பாடமும் ஆய்வும் இங்கே ஒரே வேலைதான்.

உப்பளவு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிச்சாவரத்தில் நேராகப் பார்க்கலாம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் அலையாத்திக்காடு. வெண்கண்டல் மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும்; சுரபுன்னை வேரிலேயே உப்பைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. முன்பு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் நேரடியாக விழுந்து சேற்றுநிலம் காய்ந்து அமிழ்ந்தது, பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே வற்றியது. உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. பிறகு விழுந்த நாற்று எதுவும் பிழைக்கவில்லை. காரணம் தெரிந்ததும் தீர்வும் கிடைத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து திரும்பப் போக வழி செய்தன. கரைச்சரிவில் நட்ட நாற்றுகள் மரமாயின. 2022இல் பிச்சாவரம் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆற்றுநீர் வராமல் போனால் இந்த வேலை அத்தனையும் பலவீனப்படும். மேலே அணைகள் வண்டலையும் பிடித்துக்கொள்கின்றன. பாதிப்பு காட்டோடு நிற்காது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்துவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். பிச்சாவரத்து வாய்க்கால்களில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் பிழைப்பும், கடலில் வலை போடுபவர்களின் பிழைப்பும் இந்தக் கலப்பு நீரை நம்பியே இருக்கின்றன.

நாகப்பட்டினத்தில் 2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இதே கரையில் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கிறது. இறால் பண்ணைக் கழிவை வாய்க்காலில் அப்படியே திறந்துவிடாமல் தேக்கி, மண்டி படியவிட்டு வெளியேற்றக் கற்றவர்கள் ஒவ்வொரு பண்ணையிலும் வேண்டும்.

காவிரி என்றால் பாசனக் கணக்கு, குடிநீர்க் கணக்கு என்றே பேசிப் பழகிவிட்டோம். கழிமுகத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு நன்னீர் தேவை என்ற கணக்கும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். பரங்கிப்பேட்டையின் அளவீடுகள் ஆய்விதழ்களோடு நின்றுவிடாமல், தமிழில், மீன் இறங்குதளத்திலும் பாசன விவசாயிகள் கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும்.