என்க்கா: ஜப்பானியரை அழ வைக்கும் பாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஜப்பானியக் காதல் பாட்டுகளைத் தேடிக் கேட்கத் தொடங்கியவர்கள், அதுவும் அழுகை வரும் பாட்டாகத் தேடியவர்கள், சீக்கிரமே 'என்க்கா' என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். கிமோனோ உடுத்திய ஒரு பெண், பின்னால் துறைமுகம், பனி, ஒரு கோப்பை சாக்கே (அரிசி மது), விட்டுப் போன காதலன். இதைத் தமிழில் 'ஜப்பானிய சோகப் பாட்டு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். எனக்கு அது போதவே இல்லை. இந்தச் சொல் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் ஏன் போதாது என்று புரியும்.

முதலில் உச்சரிப்பு. 'எங்கா' என்று மெலிதாகச் சொல்லக் கூடாது, க்கா என்று அழுத்த வேண்டும். 'கா' என்றால் பாட்டு, அதில் சிக்கல் இல்லை. 'என்' என்ற எழுத்துக்குப் பலர் முன் நிகழ்த்துதல், எடுத்துரைத்தல் என்று பொருள். மேடைப்பேச்சுக்கு ஜப்பானிய மொழியில் என்ஸெட்சு என்பார்கள், அதில் வரும் அதே 'என்' இது. காதலுக்கும் கண்ணீருக்கும் இதில் இடமே இல்லை என்று படுகிறதா? உண்மையிலேயே அப்போது இல்லை.

1870களில் ஜப்பானில் அரசியல் சட்டம் வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும் என்று மக்கள் உரிமை இயக்கம் கிளம்பியது. கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1880-லேயே அரசு சட்டம் போட்டுவிட்டது. மேடையில் பேச விடவில்லையா, சரி, பேச்சையே பாட்டாக்கித் தெருவில் பாடுவோம் என்று இளைஞர்கள் இறங்கினார்கள், பாடி முடித்ததும் பாட்டு அச்சிட்ட தாள்களை அங்கேயே விற்றார்கள். தலையில் பட்டை கட்டி, கையில் விசிறியோடு கவகாமி ஒட்டோஜிரோ பாடிய நையாண்டிப் பாட்டு 1890 வாக்கில் ஊரெல்லாம் பரவியது. ஆக, என்க்கா பிறந்தபோது அது மேடைப்பேச்சின் பாட்டு வடிவம், அவ்வளவுதான்.

1889-ல் அரசியல் சட்டமும் அடுத்த ஆண்டே நாடாளுமன்றமும் வந்துவிட்டன, இயக்கத்தின் சூடு தணிந்தது, ஆனால் தெருவில் பாடிப் பிழைக்கப் பழகியவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. அவர்களுக்கு 'என்க்காஷி' என்று பெயர். கையில் வயலின் ஏறியது. ஊர்ச்செய்தி, விலைவாசி, கேலி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதல். சொயேதா அசென்போ (1872–1944) இவர்களில் பெரிய பெயர், கடைசிவரை ஏழைகளின் பக்கம் நின்று பாடியவர்.

பிறகு இசைத்தட்டு வந்தது, தெருப்பாடகர்களின் பிழைப்பு போனது, சொல்லும் மங்கியது. இன்று என்க்காவின் தந்தை போலக் கொண்டாடப்படும் கோகா மசாவோ, 'சாக்கே என்பது கண்ணீரா, பெருமூச்சா' என்ற பாட்டுக்கு 1931-ல் இசையமைத்தபோது அதை யாரும் என்க்கா என்று சொல்லவில்லை, 'ரியூகோகா' என்றார்கள், அதாவது அந்தந்தக் காலத்தில் பரவலாக ஓடும் பாட்டு. 1960களின் பிற்பாதியில் மேற்கத்திய பாணிப் பாட்டுகள் ஜப்பானை நிறைத்தபோதுதான் பழைய பாணிக்கு ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது, இசைத்தட்டுக் கம்பெனிகளும் பத்திரிகைகளும் மறந்துபோன சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். அரசியல் போய்விட்டது. பெயர் மட்டும் காதலுக்கு வந்து சேர்ந்தது.

இங்கே எழுத்து விளையாட்டும் ஒன்று உண்டு. 'என்' என்று ஒலிக்கும் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் பல, ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு. எழுத்தாளர் இட்சுகி ஹிரோயுகி 1966-ல் எழுதிய கதையில் கவர்ச்சி, வனப்பு என்று பொருள்படும் 'என்' எழுத்தைப் போட்டார். ஃபுஜி கெய்கோ 1969-ல் பாட வந்தபோது, அவர் பாடுவது அந்த இரண்டு என்க்காவும் இல்லை, மனக்கசப்பைக் குறிக்கும் 'என்' எழுத்தால் எழுத வேண்டிய என்க்கா என்றும் அதே இட்சுகி எழுதினார். நிகழ்த்தல், வனப்பு, மனக்கசப்பு: ஒலி ஒன்று, பொருள் மூன்று. (பிற்பாடு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய உடாடா ஹிகாரு இந்த ஃபுஜி கெய்கோவின் மகள்தான்.)

ஏன் அழுகை வருகிறது என்பதில் பாதி சுரத்தில் இருக்கிறது. என்க்காவின் அடித்தளம் 'யோனாநுகி'. யோ நாலு, நா ஏழு, நுகி என்றால் எடுத்துவிட்டது. ஏழு சுரத்தில் நாலாவதும் ஏழாவதும் இல்லை. இதில் பெரிய வகை நம் மோகனத்தின் சுரங்களேதான். அழ வைக்கும் சிறிய வகை நம் சிவரஞ்சனிக்கு ஒரே ஒரு சுரம் தள்ளி நிற்கிறது: சிவரஞ்சனியின் தைவதத்தை ஒரு படி கீழே இறக்கினால் அங்கே போய்விடலாம். தமிழ்க் காது இந்தப் பாட்டுகளை முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி, பாட்டு அழுகையை எப்படிக் கையாள்கிறது என்பதில். 1975 கடைசியில் மியாகோ ஹருமி பாடி வெளிவந்த ஒரு பாட்டில், வடக்கே குளிரும் ஒரு விடுதியில் உட்கார்ந்து, அவன் ஒருநாளும் போடப் போகாத ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. போட மாட்டான் என்று அவளுக்கே தெரியும், இருந்தும் கை நிற்கவில்லை. 1976-ம் ஆண்டின் ஜப்பான் ரெக்கார்ட் விருது அந்தப் பாட்டுக்குத்தான். அதை எழுதிய அகு யூவே அடுத்து இஷிகாவா சயூரிக்காக இன்னொன்று எழுதினார்: டோக்கியோவின் உயேனோவிலிருந்து வந்த இரவு ரயில், பனியில் அஓமோரி நிலையம், வடக்கே போகிறவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை, அவள் தனியாகக் கப்பல் ஏறுகிறாள். அந்த ரயில்வே கப்பல் 1988-ல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்த பிறகு நின்றுவிட்டது. இன்று அஓமோரி துறைமுகத்தில் அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பக்கத்தில் போனால் அதுவே பாடும்.

இரண்டிலும் யாரும் தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை. அடக்குகிறார்கள், அடக்கியது குரலில் கசிகிறது. மிசோரா ஹிபாரி (1937–1989) மேடையில் 'துயரச் சாக்கே' பாடும்போது கண்ணீர் கன்னத்தில் வழிந்து இறங்கும், சுருதி மட்டும் ஒரு இம்மி நகராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒப்பாரி கிடையாது, அது செத்தவர்களுக்கு. பொருளின்படி பார்த்தால் 'இரங்கல்'தான் கனகச்சிதம்: கடற்கரை, பிரிவு, தவிப்பு எல்லாம் சேர்ந்த நெய்தல் திணைக்கு உரிப்பொருளே இரங்கல், என்க்காவின் துறைமுகப் பெண்ணை அப்படியே அங்கே உட்கார வைக்கலாம். ஆனால் இன்று இரங்கல் செய்தி, இரங்கல் கூட்டம் என்று அந்தச் சொல் முழுக்கச் சாவு வீட்டுக்குப் போய்விட்டது, இரங்கற்பாட்டு என்றால் யார் போனார்கள் என்றுதான் கேட்பார்கள். 'நெய்தற்பாட்டு' என்றாலும் நெய்தல் பறை என்று சாப்பறை ஒன்று குறுக்கே நிற்கிறது. சோகப் பாட்டு ரொம்ப அகலம், அதில் தாய் இறந்த பாட்டும் வரும், வேலை போன பாட்டும் வரும்.

என் தேர்வு ஏக்கப்பாட்டு. கிடைக்காது என்று தெரிந்தும் மனம் அதையே சுற்றுவது ஏக்கம், ஸ்வெட்டர் பின்னுகிறவளின் நிலை அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: 'ஏங்கி ஏங்கி அழுதாள்' என்கிறோமே, அங்கே ஏங்குவது மூச்சு. ஆசைக்கும் விம்மலுக்கும் ஒரே வினை. அடக்கிய அழுகையில் குரல் திணறுவதையும் இந்தச் சொல் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இப்போதைய இளசுகளின் காதல் பாட்டுகளை என்க்கா என்று எழுதாதீர்கள், அவை வேறு இசை. அவற்றில் அழ வைப்பதை அவர்கள் 'நகேரு உதா' என்கிறார்கள்: தானாக அழுகை வருகிற பாட்டு. 'எனக்கு அழுகை வருது' என்று நாம் சொல்வதும் அதே கட்டுதான், எனவே அழுகை வரும் பாட்டு என்றே எழுதலாம். என்க்கா பாடகர்கள் ஒரு எழுத்தைச் சுழற்றி நெளித்துப் பாடும் 'கொபுஷி'க்குக் கமகம் போதும். என்க்காஷி, தெருப்பாடகர். வகையின் பெயராக வரும் முதல் இடத்தில் மட்டும் 'என்க்கா என்னும் ஏக்கப்பாட்டு' என்று போட்டுவிட்டு, அப்புறம் ஏக்கப்பாட்டு என்றே தொடரலாம்.