பம்பரை மாற்றுங்கள், அந்த உருளையை மட்டும் காய்ச்சாதீர்கள்

மறுபடியும் ஒரு ஃபியட் ஸ்பைடர் கார். மறுபடியும் பம்பருக்குப் பின்னால் கிரைண்டர் தடம். இந்த முறை கூடுதலாக, இறுகிப்போன போல்ட்டை இளக்க டார்ச் வைத்துக் காய்ச்சிய நீலக் கறை. அதுவும் பம்பரைத் தாங்கும், அழுத்த வாயு அடைத்த உருளையின் கழுத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி. வேலை பார்த்தவரின் கையும் முகமும் முழுசாக இருப்பது எந்த ஜென்மத்துப் புண்ணியமோ.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடரைப் பற்றித்தான் பேச்சு. 1966 நவம்பரில் இத்தாலியின் டூரின் கார் கண்காட்சியில் வெளிவந்தபோது இந்த வண்டிக்கு மெல்லிய குரோம் பம்பர்தான் இருந்தது. பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இந்த வண்டியை வரைந்த டாம் யார்டா டெட்ராய்ட்டில் பிறந்த அமெரிக்கர். அந்த முகத்தைக் கெடுத்ததும் அமெரிக்கச் சட்டம்தான், வேடிக்கை பாருங்கள். 1973 மாடல் வண்டிகள் முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் 2.5 மைல் வேகத்தில் சுவரில் இடித்தாலும் விளக்கு, பானெட் பூட்டு, எரிபொருள் அமைப்பு ஆகியவை பழுதாகக் கூடாது என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் 5 மைல். கூடவே தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் ஊசல் கட்டையால் மோதவிட்டுச் சோதனை. அதன் விளைவாக 1975 மாடலிலிருந்து ஸ்பைடரின் முன்னும் பின்னும் தடித்த பம்பர் வந்து குந்திக்கொண்டது.

அதைக் கழற்றிவிட்டுப் பழைய குரோம் பம்பரை மாட்ட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வண்டி அழகாகத்தான் ஆகிறது. ஆனால் "நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டுகிற வேலை" என்று நினைத்து இறங்குகிறீர்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

பெரிய பம்பர் நேராக பாடியில் மாட்டப்பட்டதல்ல. அதற்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸி ரெயிலுக்கும் நடுவே இரண்டு உருளைகள் இருக்கின்றன. பார்த்தால் சக்கரத்து ஷாக் அப்சார்பரின் தம்பி மாதிரி இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்க பம்பர் உருளைகள் பொதுவாக ஒரே சூத்திரத்தில் ஓடுபவை: இடிக்கும்போது எண்ணெய் சிறு துளை வழியே நெரிந்து போய் அடியை வாங்கிக்கொள்ளும். பிறகு அழுத்தி அடைத்த வாயு, உள்ளே போன தண்டை மறுபடி வெளியே தள்ளும்.

"சார், நாற்பத்தஞ்சு வருஷ வண்டி. உள்ளே காஸ் எப்பவோ போயிருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வெளியே எண்ணெய் கசிந்திருக்கிறது என்கிறீர்கள். எண்ணெய் இருக்கும் அறை வேறு, வாயு இருக்கும் அறை வேறு. இரண்டையும் பிரிக்க நடுவே மிதக்கும் பிஸ்டன் இருக்கும் வகை உருளையில், தண்டுப் பக்கத்து சீல் தேய்ந்து எண்ணெய் முழுக்க ஒழுகிப்போனாலும் வாயு தன் அறையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். கையால் அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை என்கிறீர்கள். துருப்பிடித்துக் கவ்விய தண்டும் அசையாது, முழு அழுத்தத்தில் இருக்கும் தண்டும் கைக்கு அசையாது. காலால் உதைத்தால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது என்றால் இன்னும் சுலபம். திருப்பித் தள்ளுவது யார்? அந்த வாயுதான்! அப்படித் திரும்பி வருவதே உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். காலி உருளை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே எல்லாமே நிரம்பியது என்று வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

அதிலும் ஒரு பக்கம் மட்டும் உள்ளே போய்த் திரும்பாமல் நிற்கும் பம்பர் மோசமானது. எப்போதோ கம்பத்தில் இடித்து, தண்டு வளைந்தோ துருவால் கவ்வியோ பாதி வழியில் நின்றிருக்கும். அமுக்கிய ஸ்பிரிங்கைக் கட்டிவைத்த கதைதான். நீங்கள் சுத்தியலால் தட்டி, கவ்வல் விடும் அந்த நொடியில் அது தன் முழு நீளத்துக்குப் பாயும். பம்பருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வலது இடது உருளைகளின் தண்டு நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் பம்பருக்கு நேர் எதிரே குந்தாதீர்கள், பக்கவாட்டிலிருந்து கையை நீட்டுங்கள். வண்டி தீப்பற்றினால் பம்பருக்கு நேரே நிற்காமல் மூலையிலிருந்து அணுகும்படி தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது சும்மா இல்லை. சூட்டில் வெடித்த உருளை பம்பரோடு பறந்து வரும்.

டார்ச் வேண்டாம், வெல்டிங் வேண்டாம், கிரைண்டர் வேண்டாம், டிரில் வேண்டாம். பம்பரைப் பாடியோடு ஒட்டி உள்ளே தள்ளுவதற்காக உருளையில் ஓட்டை போட்டு வாயுவை இறக்குகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தயவுசெய்து இறங்காதீர்கள். எண்ணெய் ஊசி மாதிரி பீய்ச்சும், தோலுக்குள்ளேயே ஏறும். பம்பர் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதானே? உருளையை முழுசாகக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதன் இடத்தில் வேண்டிய நீளத்துக்கு ஒரு இரும்பு பிராக்கெட் செய்து மாட்டுங்கள். ஓட்டை போட்டு அமுக்கிய உருளை எப்படியும் வேலை செய்யப்போவதில்லை. அது விலைகூடிய பிராக்கெட், அவ்வளவே.

கழற்றும் முறை. போல்ட்டுகளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே, காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெய் விடுங்கள். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். பம்பருக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு, மேலே துணி, கூட ஒரு ஆள். தனியாகச் செய்தால் கடைசி போல்ட் விடும்போது பம்பர் சரிந்து ஃபெண்டரைக் கீறும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உருளைக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்பரையும் உருளையையும் ஒன்றாகவே வெளியே இழுப்பது நல்லது. பிரிப்பதை மேசையில் வைத்துக்கொள்ளலாம். போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை என்றால் ரெயிலுக்குள் இருக்கும் நட்டு பிடியை விட்டுவிட்டது. பலம் காட்டாமல் நிறுத்துங்கள். போல்ட்டின் தலையை மட்டும் ரம்பத்தால் அறுக்கலாம். அந்தத் தலை உருளைக்கு ஒட்டி இருந்தால் கை ரம்பம்தான், பொறி பறக்கும் எதுவும் கிடையாது.

உருளை வெளியே வந்த பிறகுதான் வண்டியின் உண்மை நிலை தெரியும். ரெயிலின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். ஈர மண்ணும் இலைச் சருகும் துருச் செதிலும் கையோடு வரும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் டங் என்று கேட்க வேண்டும், சதக் என்று இறங்கக் கூடாது. இறங்கினால் குரோம் பம்பர் ஆர்டரை ஒத்திவைத்துவிட்டு டிங்கரிங் வேலையைப் பாருங்கள். இத்தாலியின் அந்தக் காலத் தகடு துருவுக்குப் பேர்போனது என்பது ஊரறிந்த விஷயம்.

"எல்லா ஆண்டுக்கும் பொருந்தும்" என்று விற்கும் செட்டை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பம்பர் பழைய பாடிக்குச் செய்தது. பிந்தைய பாடியில் பிராக்கெட் உட்காரும் இடம் வேறு. உருளை நுழைந்த ஓட்டைகள் முன் தகட்டில் வாயைப் பிளந்து நிற்கும். பம்பர் மட்டும் வந்தால் போதாது: முன், பின் பிராக்கெட்டுகள், பக்கவாட்டுப் பிடிப்புகள், மேலே நிற்கும் குரோம் கொம்புகள், அவற்றின் ரப்பர், இடைவெளி வாஷர்கள், நம்பர் பிளேட் தாங்கி. பழைய வண்டியிலிருந்து கழற்றிய செட் என்றால் பிராக்கெட்டோடு சேர்த்தே கேளுங்கள். பம்பர் எங்கும் கிடைக்கும், பிராக்கெட்தான் கிடைக்காது. நம்பர் பிளேட் விளக்கோ ரிவர்ஸ் விளக்கோ கழற்றும் பம்பரோடு போய்விடுகிறதா என்று வயரை வெட்டுவதற்கு முன்னால் பாருங்கள். வெட்டிய பிறகு அல்ல.

ஓட்டையை அடைக்கப் பட்டி பூசாதீர்கள். ஃபைபர் துணியும் வேண்டாம். ஒரு குளிர்காலம் தாங்கும், அடுத்ததில் ஓரம் வெடித்து வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். 0.9 அல்லது 1 மி.மீ. தகட்டை ஓட்டையின் அளவுக்கே வெட்டி, புள்ளிப் புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வெல்டிங் வையுங்கள். ஒரே மூச்சில் சுற்றினால் தகடு கோணும். உருளைகள் வண்டியில் இருக்கும்போது இந்த வேலை கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின்பக்கம் என்றால் எரிபொருள் டாங்கும் அதன் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கின்றன, அதையும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். பிறகு துத்தநாக பிரைமர், பெயிண்ட், உள்பக்கம் மெழுகு. நீர் வடியும் துளையையும் சேர்த்து அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த துரு அங்கேதான் குடியேறும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை பம்பரை முழுசாக மாட்டிப் பாருங்கள். கையால் முடித்த பாடி, இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சகஜம். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி, தரையிலிருந்து இரு முனைகளின் உயரத்தை அளந்து, பாடிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரே தடிமன் ரப்பர் குழாயை ஓட்டிப் பார்த்து, வாஷர் கூட்டிக் குறைத்து, நடு போல்ட்டிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். கொம்புகள் கடைசி. பொருந்தாத பம்பரை போல்ட்டால் இழுத்து வழிக்குக் கொண்டுவருவது எல்லாரும் செய்யும் தப்பு. மாட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து வாஷருக்கு அடியிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு குரோமில் கிளம்பும், அதன் நடுவில் பழுப்புப் புள்ளி. பிராக்கெட் தொடும் இடத்தில் பெயிண்டும் சிலந்தி வலையாக வெடித்திருக்கும். புது 8.8 தர போல்ட் போட்டு, உலோகம் உலோகத்தோடு உட்காரும் இடத்தில் எம்8க்கு 25, எம்10க்கு 45 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். ரப்பர் இடையில் இருந்தால் அதற்கும் கீழே. முலாம் போடக் கொடுக்கும்போது போல்ட்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், மரை அடைந்து நட்டு ஏறாது.

பிராக்கெட்டைப் பத்து மி.மீ. பிளேட்டில் செய்து பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உருளை போன பிறகு அடியை வாங்குவது யார்? பிராக்கெட் வளையவில்லை என்றால் ரெயில் வளையும். மூன்று, நான்கு மி.மீ. சாதா இரும்புப் பட்டை போதும். பார்க்கிங்கில் யாராவது இடித்தால் அது மடங்கட்டும், ஃபியூஸ் மாதிரி.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. பம்பரை மாற்றியதும் மூக்கு தூக்கும். முன் அச்சுக்கு வெளியே தொங்கிய எடை போகிறது, அதனால் முன் சக்கரங்களிலிருந்து இறங்கும் பாரம் பம்பரின் எடையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். 20 கிலோ குறைந்தால் சக்கரத்துக்குப் பத்து. சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்ற ஸ்பிரிங் கணக்கில் 5 மி.மீ. உயரம். உடனே காயில் ஸ்பிரிங்கை அறுக்கக் கிளம்பாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டி உட்காரவிட்டு, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் குறியும் சரிபாருங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. கட்டாயப் பாதுகாப்புச் சாதனத்தைப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் தெரிந்தே செயலிழக்கச் செய்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எனவே உங்கள் பட்டறைக்காரர் இந்த வேலையை மறுத்தால் அவரைக் கோபிக்காதீர்கள். வண்டி உரிமையாளர் தன் கையால் செய்வதை அது கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் மாநிலத்தின் பம்பர் விதி கட்டுப்படுத்தலாம். கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ஐரோப்பிய முகம் வேண்டும் என்று பக்கவாட்டு மார்க்கர் விளக்குகளையும் பிடுங்கி அடைக்கிறார்களே, அது வேண்டாம். 1970 முதல் அமெரிக்க வண்டிகளில் விளக்கும் பிரதிபலிப்பானும் இரண்டுமே கட்டாயம். இரவில் குறுக்குத் தெருவிலிருந்து வருபவனுக்கு இவ்வளவு தாழ்ந்த வண்டி தெரிவதே அதனால்தான்.

கழற்றிய பெரிய பம்பரைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து வாங்குபவர் அதைக் கேட்பார். உருளைகளின் தண்டில் எண்ணெய் தடவி, வெயில் படாத இடத்தில், தண்டு ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கும்படி படுக்கப் போடுங்கள். பழைய இரும்புக்குத்தான் போடப் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் வாயால் சொல்லுங்கள், உருளையின் மேலேயும் பெயிண்ட் மார்க்கரால் "அழுத்தம் உள்ளது, வெட்டாதே, காய்ச்சாதே" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். அங்கே காஸ் கட்டரோடு நிற்கும் பையனுக்கு அது ஒரு குழாய்த் துண்டு மாதிரிதான் தெரியும்.