ஹாரர் என்றால் திகில் இல்லை, குலைநடுக்கம்

'ஹாரர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'திகில்' என்று போட்டுவிடுகிறார்கள். பேய்ப்படத்துக்கும் திகில், கொலையாளியைத் துப்பறியும் தொடருக்கும் திகில், குண்டுவீச்சில் செத்துக் கிடக்கும் பிள்ளைகளின் படத்துக்குக் கீழேயும் 'திகில் காட்சி'. இந்த மூன்றாவதை அச்சில் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வேரை முதலில் சொல்லிவிடலாம். ஹாரர் லத்தீன் வழி வந்த சொல். அங்கே 'ஹொர்ரேரே' என்றால் மயிர் குத்திட்டு நிற்பது, உடம்பு நடுங்குவது. திகிலுக்கு உறவு தெலுங்கில் 'திகுலு', கன்னடத்தில் 'திகிலு'. மனக்கலக்கம், பதைப்பு என்பதே அவற்றின் பொருள். ஒன்று உடம்பைச் சொல்கிறது, மற்றது மனதைச் சொல்கிறது.

திகிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அடுத்து என்ன நடக்கும் என்று தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் திகில் போயிற்று. ஹாரருக்கு இந்த நிபந்தனையே கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடன் சாமிக்கு எடுக்கும் கொடைவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குடியழைப்பு, மதியக் கொடை, சாமக்கொடை என்று வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். கதையும் அப்படித்தான். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்ற பறை இரண்டும் முழங்க, சாமத்தில் கணியான் கூத்தாடுபவரின் கைவெட்டு நடக்கும். கத்தி கையில் இறங்கும், இரத்தம் சொட்டும், அது சாமிக்குப் படையலாகும். வெட்டு விழப்போகிறது என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குத் தெரியும். வருசாவருசம் பார்க்கிறவள்தான். ஆனாலும் அந்த நேரத்தில் மடியிலிருக்கும் பேரன் முகத்தை மாராப்போடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள். பிறகு தீப்பந்தத்தோடு சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பினால் எதிரே ஆள் நடமாட்டம் இருக்காது. இதில் எதிர்பாராதது எது? ஒன்றுமில்லை. ஆகவே இது திகில் இல்லை. அந்த ஆச்சியிடம் கேட்டால் "ஈரக்கொல நடுங்கிட்டுல்லா" என்பாள்.

அதுதான் சொல். ஆட்டை உரித்துத் தொங்கவிட்டால் ஈரல், நுரையீரல், இதயம் என்று கொத்தாக வருகிறதே, அதுதான் ஈரக்குலை. அது நடுங்குவது குலைநடுக்கம். அகராதியில் ஏற்கெனவே இருக்கிற சொல், யாரும் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. லத்தீன்காரன் மயிரைப் பிடித்தான், நாம் குலையைப் பிடித்திருக்கிறோம். இரண்டும் உடம்புச் சொற்கள் என்பதால்தான் பொருந்துகின்றன.

இப்போது 'அமானுஷ்யம்' என்று ஒன்றை ஹாரருக்கு ஈடாக இழுத்து வருகிறார்கள். திரைப்பட வகைப் பட்டியல்களில் இது பெருகிவிட்டது. மனித இயல்புக்கு அப்பாற்பட்டது என்பது அதன் பொருள். அப்படியானால் மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையைப் பார்த்து உறைந்துபோவதை என்ன சொல்வது? உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு (தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). அமானுஷ்யம் முதல் ஒன்றோடு நின்றுவிடுகிறது. கள்வரும் மனிதர், தண்டிக்கும் அரசனும் மனிதன். நான்கில் மூன்றை வெளியே தள்ளிவிட்டு இதைத் துல்லியமான கலைச்சொல் என்கிறார்கள். நம் வில்லுப்பாட்டுக் கதைகளில் எத்தனையோ சாமிகள் வெட்டுப்பட்டுச் செத்த மனிதர்கள். மாடு மீட்கப் போய் உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அங்கே நடுக்கம் தருவது ஆவி இல்லை, மனிதக் கை செய்த கொலை. அந்தக் கொலையை ஊர் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் பாட்டும் படையலும்.

'வெருட்சி' என்பாரும் உண்டு. நல்ல தமிழ்தான், ஆனால் இடம் வேறு. வெடிச்சத்தம் கேட்டு மாடு வெருள்கிறது, மறுநிமிடம் புல் மேய்கிறது. குலைநடுக்கம் அப்படி விடாது. 'வெருளி'யை ஃபோபியாவுக்கு எடுத்தாகிவிட்டது. 'பயங்கரம்' ஒருகாலத்தில் சரியாக இருந்தது. இன்று ஒருபக்கம் பயங்கரவாதம் அதைப் பிடித்துக்கொண்டது, மறுபக்கம் "பிரியாணி பயங்கரம்ல" என்று அது பாராட்டாகிவிட்டது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வாக்கியத்தில் ஹாரர் எதைக் குறிக்கிறது என்று பார்க்கவேண்டும். செயலைக் குறித்தால் கொடூரம்: 'போரின் கொடூரங்கள்'. பார்த்தவருக்கு நேர்ந்ததைக் குறித்தால் குலைநடுக்கம்: 'குலைநடுங்கிப்போய் நின்றாள்'. கதை வகையென்றால் குலைநடுக்கக் கதை. திகிலைத் திரில்லருக்கு விட்டுவிடலாம், அங்கே அது கச்சிதமாக உட்காரும். சுவரொட்டிக்குச் சொல் நீளம் என்றால் பேய்ப்படத்துக்குப் பேய்ப்படம் என்றே போடலாம், பேய் இல்லாவிட்டால் 'ஹாரர்' என்றே எழுதலாம். செத்த பிள்ளைகளின் படத்துக்குக் கீழே மட்டும் திகில் என்று போடாதீர்கள்.